மலேரியாவை விரிதாளில் ஓட்டிப் பார்க்கலாம்

மருத்துவர் ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாதில் கொசுவின் குடற்சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதன்பின் அவரைக் குடைந்த கேள்வி இது: எல்லாக் கொசுக்களையும் ஒழிக்க முடியாத ஊரில், கொஞ்சத்தை ஒழித்துப் பயன் உண்டா? விடைக்காகச் சமன்பாடுகள் எழுதினார். 1950களில் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மக்டொனால்ட் அவற்றை வளர்த்தெடுத்தார். அந்த மாதிரியின் எளிய வடிவத்தை இங்கே கட்டுவோம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

படி 1: ஆறு எண்கள்

விரிதாளின் (ஸ்ப்ரெட்ஷீட்) மேல்பகுதியில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் பயிற்சிக்காக நான் வைத்த எண்கள். எந்த ஊரின் கணக்கும் அல்ல.

ஒரு மனிதருக்கு இத்தனை கொசு: 2
ஒரு கொசு ஒரு நாளில் மனிதரைக் கடிப்பது: 0.3 முறை
ஒரு கடியில் நோய் தொற்றும் வாய்ப்பு (இரு திசையிலும்): 0.5
கொசு ஒரு நாளைத் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பு: 0.9
ஒட்டுண்ணி கொசுவுக்குள் முதிரும் காலம்: 10 நாள்
நோயாளி ஒரு நாளில் குணமாகும் வாய்ப்பு: 0.01

ஐந்தாவது எண்ணில் கொஞ்சம் நில்லுங்கள். நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. ஒட்டுண்ணி முதிர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட வேண்டும். அதுவரை கொசு உயிரோடு இருக்க வேண்டுமே! பத்து நாள் பிழைக்கும் வாய்ப்பு 0.9இன் பத்தாம் அடுக்கு, அதாவது 0.349. மூன்றில் இரண்டு கொசுக்கள் யாருக்கும் நோயைக் கொடுக்காமலே செத்துப்போகின்றன.

படி 2: இரண்டு நெடுவரிசைகள்

ஒன்றில் நோயுள்ள மனிதர்களின் பங்கு, மற்றொன்றில் நோய் பரப்பும் கொசுக்களின் பங்கு. முதல் நாள் மனிதப்பங்கு 0.01, கொசுப்பங்கு 0. அடுத்த நாளுக்கு:

நாளைய மனிதப்பங்கு = இன்றையது + 2 × 0.3 × 0.5 × கொசுப்பங்கு × (1 − மனிதப்பங்கு) − 0.01 × மனிதப்பங்கு

நாளைய கொசுப்பங்கு = இன்றையது + 0.3 × 0.5 × மனிதப்பங்கு × (0.349 − கொசுப்பங்கு) − 0.1 × கொசுப்பங்கு

கடைசியில் உள்ள 0.1, கொசு ஒரு நாளில் சாகும் வாய்ப்பு (1 − 0.9). பிழைக்கும் வாய்ப்பை மாற்றினால் இதுவும் 0.349உம் சேர்ந்து மாறும். சூத்திரத்தில் எண்களை நேரடியாக எழுதாமல் மேலே உள்ள கட்டங்களைச் சுட்டுங்கள். டாலர் குறி போட்டு ($B$1 போல) பூட்டவும் வேண்டும். நான் முதன்முறை பூட்ட மறந்தேன். கீழே இழுத்ததும் கட்டங்கள் நகர்ந்து, என் ஊரில் நோய் ஒரே நாளில் மறைந்தது.

படி 3: 365 நாள் இழுங்கள்

இரண்டாம் நாள் மனிதப்பங்கு 0.0099 ஆகக் குறையும். பிழை என்று எண்ண வேண்டாம்; நோய்க்கொசு இன்னும் உருவாகவில்லை. பிறகு ஏறத் தொடங்கி, சில மாதங்களில் 0.85 அருகே நின்றுவிடும். கொசுப்பங்கு 0.2 அருகே நிற்கும். களத்தில் பிடிக்கும் கொசுக்களில் நோய் பரப்பும் நிலையில் இருப்பவை பொதுவாக நூற்றுக்கு ஒரு சிலவே. நம் எண்கள் தாராளம்.

படி 4: எதைக் குறைப்பது?

ஒரு நோயாளியிலிருந்து கொசு வழியாகச் சராசரியாக எத்தனை பேருக்கு நோய் போகும் என்பதே அடிப்படைப் பரவல் எண். இது ஒன்றுக்குக் கீழே போனால் நோய் தேயும்.

பரவல் எண் = கொசு × கடி² × தொற்று² × பத்து நாள் பிழைப்பு ÷ (குணமாதல் × கொசுச் சாவு)

நம் எண்களுக்கு 15.7. கடி ஏன் வர்க்கமாகிறது? நோயை வாங்க ஒரு கடி, கொடுக்க ஒரு கடி.

இனி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கொசுக்களைப் பாதியாக்கினால் பரவல் எண் 7.8, நோயாளிகளோ 85 விழுக்காட்டிலிருந்து 73க்குத்தான் இறங்குவார்கள். இவ்வளவு பாடுபட்டும்! கடியைப் பாதியாக்கினால் 3.9. பிழைக்கும் வாய்ப்பை 0.9இலிருந்து 0.8க்கு இறக்கினால் 2.4. சிறிய மாற்றம் போலத் தெரிகிறது, ஆனால் 0.8இன் பத்தாம் அடுக்கு வெறும் 0.107. கிழட்டுக் கொசுதான் ஆபத்தானது. அது கிழடாகும் முன்பே சாக வேண்டும். சாவு கூடினால் கொசு எண்ணிக்கையும் குறையும் என்பதை நாம் இங்கே கணக்கில் எடுக்கவேயில்லை.

பூச்சிக்கொல்லி தோய்த்த கொசுவலையின் பலம் இங்கேதான்: கடியையும் தடுக்கிறது, கொசுவையும் கொல்கிறது. கடி 0.15, பிழைப்பு 0.8 என்று இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பரவல் எண் 0.6.

டெங்குவுக்கு இதே தாளைப் பயன்படுத்தாதீர்கள். டெங்கு வந்து குணமானவருக்கு அதே வகை வைரஸ் மீண்டும் தொற்றுவதில்லை. அவர்களுக்கு மூன்றாவது நெடுவரிசை வேண்டும்.

படி 5: வலையை எடுத்துப் பாருங்கள்

மனிதப்பங்கு 0.85, கொசுப்பங்கு 0.2 என்று தொடங்கி, வலை எண்களோடு ஓராண்டு ஓட்டுங்கள். பரவல் எண் ஒன்றுக்குக் கீழே இருந்தும், ஆண்டு முடிவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பேரிடம் நோய் இன்னும் இருக்கும். அந்த வரிசையிலிருந்து பழைய எண்களுக்குத் திரும்புங்கள். இரண்டு மாதத்துக்குள் ஊரில் பாதிப்பேர் மீண்டும் நோயாளிகள்.