கல்யாண மண்டபத்தில் ரேடியோ டிரிகர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேடியோ டிரிகர் என்றால், கேமரா மேல் மாட்டி, தள்ளி நிற்கும் ஃபிளாஷைக் கம்பியில்லாமல் அடிக்க வைக்கும் கருவி. பேட்டரி சார்ஜ் போடாமல் வருவது, டிரிகரை ஹாட் ஷூவில் (கேமரா மேல் ஃபிளாஷ் மாட்டும் இடம்) சரியாகப் பூட்டாமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு கல்யாணத்தில் பட்டால் தானாகவே திருந்திவிடும். புதிதாக வருகிற பையன்கள் ஒருவர் விடாமல் செய்கிற தவறுகள் வேறு.

சேனல் 1-லேயே விட்டுவைப்பது

இன்னமும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பெட்டியைப் பிரித்து எடுக்கும்போது டிரிகரும் சேனல் 1, ஃபிளாஷும் சேனல் 1. வீட்டில் அடித்துப் பார்த்தால் பளிச்சென்று அடிக்கும். அதற்கப்புறம் யாரும் மெனு பக்கமே போவதில்லை.

மண்டபத்தில் பெண் வீட்டு டீம், மாப்பிள்ளை வீட்டு டீம், தனியாக ஒரு கேண்டிட் டீம் என்று நிற்பார்கள். பல பேர் கையில் கோடாக்ஸ் கம்பெனி டிரிகர்தான், எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ். இரண்டு டீம் ஒரே சேனலில் இருந்தால், அந்த ஆள் ஷட்டரை அழுத்தும்போதெல்லாம் உங்கள் ஃபிளாஷும் அடிக்கும். அதுகூடப் பரவாயில்லை. ஃபிளாஷ்களை ஏ, பி, சி என்று குரூப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பவரையும் டிரிகரிலிருந்தே மாற்றலாம். அவர் தன் டிரிகரில் ஏ குரூப்பின் பவரை ஏற்றினால், உங்கள் ஏ குரூப்பும் சேர்ந்து ஏறும்.

ஒரு கல்யாணத்தில் ரிசெப்ஷன் அன்றைக்கே இது தெரிந்துவிட்டது. அடுத்த டீம் பையனிடம், "தம்பி, நீங்களும் சேனல் 1-ஆ?" என்று கேட்டேன். "நம்மது ஒழுங்காத்தான் அடிக்குது அண்ணே" என்றார். சரி என்று நான் 11-க்குப் போய்விட்டேன். மறுநாள் காலை, யாரோ சொல்லியிருப்பார்கள் போல, அவரும் நல்ல பிள்ளையாக 11-க்கு மாறியிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கெட்டிமேளம் கொட்டும்போது 1/16 பவரில் இருந்த என் ஃபிளாஷ் 1/2 பவரில் அடித்தது. மூன்று ஸ்டாப் கூடுதல், அதாவது எட்டு மடங்கு வெளிச்சம். மாப்பிள்ளை வேட்டியும் ஐயர் முதுகும் வெள்ளைக் காகிதம். அடுத்த ஃபிரேமில் ஃபிளாஷுக்குச் சார்ஜே ஏறவில்லை, மேடை முழுக்க இருட்டு. இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்ல முடியுமா?

சேனல் மொத்தம் 32 இருந்தாலும், அதை மட்டும் மாற்றினால் போதாது. 01 முதல் 99 வரை வயர்லெஸ் ஐடி ஒன்று இருக்கிறது, அதையும் போடுங்கள். சேனல், ஐடி இரண்டும் பொருந்தினால்தான் ஃபிளாஷ் அடிக்கும். டிரிகரில் மட்டும் போட்டால் ஆகாது. பையில் கிடக்கும் ஸ்பேர் ஃபிளாஷ் வரைக்கும் எல்லாவற்றிலும் போட வேண்டும். ஐடி வசதியே இல்லாத பழைய ஃபிளாஷ் ஒன்று உங்கள் செட்டில் இருந்தால், டிரிகரில் ஐடியைப் போட்டதும் அது ஊமையாகிவிடும். அன்று என் ஸ்டாண்டில் இருந்தது அப்படி ஒன்று. அந்த நிலைமையில் அடுத்த டீமிடம் பேசிச் சேனலைப் பிரித்துக்கொள்வது ஒன்றுதான் வழி. கோடாக்ஸின் எக்ஸ்ப்ரோ டிரிகரில் ஸ்கேன் கொடுத்தால் காலியாக உள்ள சேனல்களைக் காட்டும். முகூர்த்தத்துக்கு முன்னால், எல்லா டீமும் வந்து டிரிகரை ஆன் செய்த பிறகு கொடுங்கள். காலி மண்டபத்தில் ஸ்கேன் செய்து என்ன பயன்?

எல்லாவற்றையும் ஏ குரூப்பில் போடுவது

முன் லைட் ஏ, மணமக்களுக்குப் பின்னால் இருப்பது பி, கூட்டத்துக்காகக் கூரையில் அடிப்பது சி. இப்படிப் பிரிக்காவிட்டால், பின் லைட்டை மட்டும் குறைக்கக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸ்டாண்ட் வரை நடக்க வேண்டும். செட் செய்யும்போது ஒரு குரூப்பை மட்டும் ஆனில் வைத்து ஒரு படம், அப்புறம் அடுத்தது. மூன்றையும் ஒன்றாக அடித்துப் பார்த்தால் எது கெடுக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

முகூர்த்தத்தில் டிடிஎல்

டிடிஎல் என்றால் கேமராவே அளந்து பார்த்து ஃபிளாஷ் பவரை முடிவு செய்வது. சரிகைப் பட்டும் வெள்ளை வேட்டியும் ஃபிரேமுக்குள் மாறி மாறி வரும். வெளிச்சம் படத்துக்குப் படம் தாவும். மேனுவல் வையுங்கள்.

எஸ்1, எஸ்2

இன்னொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து அடிக்கும் மோடுகள் இவை. மண்டபத்தில் தொடாதீர்கள். எவன் ஃபிளாஷ் அடித்தாலும் உங்களுடையதும் அடிக்கும்.

ஹெச்எஸ்எஸ்ஸை ஆனிலேயே வைத்திருப்பது

வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷை அடிக்க வைக்கும் மோடு இது. ஷட்டர் 1/200, 1/250-ஐத் தாண்டினால் கறுப்புப் பட்டை விழும் என்ற பயத்தில் போட்டுவைக்கிறார்கள். உள்ளரங்கில் 1/160 தாராளம். ஹெச்எஸ்எஸ்ஸில் பவர் வெகுவாகக் குறையும், ஃபிளாஷும் சீக்கிரம் சூடாகும்.

ஸ்லீப்

கொஞ்ச நேரம் அடிக்காமல் இருந்தால் ஃபிளாஷ் தானாகத் தூங்கிவிடும் வசதி இது. ஆஃப்.

கிட்டத்தில் இருக்கும் ஃபிளாஷ் அடிக்கவில்லை என்று கடைக்கு ஓடுவது

எக்ஸ்ப்ரோ மெனுவில் தூரம் 1–100 மீட்டர் என்று இருக்கும். அதை 0–30-க்கு மாற்றிவிட்டு இன்னொரு தடவை அடித்துப் பாருங்கள்.