க்ரூஸ் கன்ட்ரோல் கேபிள்: கொஞ்சம் லூஸா இருக்கணும், அதான் கணக்கு

க்ரூஸ் கன்ட்ரோல்னா ஆக்சிலேட்டர்ல கால் வைக்காமலே செட் பண்ண வேகத்துல கார ஓட்டற வசதி, பழைய கார்ல அதுக்குன்னு ஒரு கேபிள் இருக்கும். புது கார்ல அந்தக் கேபிள அட்ஜஸ்ட் பண்ற வேலையே இல்ல, அதுல எல்லாம் ஒயரும் சென்சாரும்தான். 90கள்ல வந்த டொயோட்டா கேம்ரி மாதிரி பழைய வண்டியை வளைகுடாவுலயோ அமெரிக்காவுலயோ இன்னும் ஓட்டிட்டு இருக்கீங்கன்னா இது உங்களுக்குத்தான்.

முதல்ல இஞ்சின ஆஃப் பண்ணி சாவிய கையில எடுத்துக்கோங்க, சூடு ஆறட்டும். போனட்ட திறந்து த்ராட்டில் பாடிய (இஞ்சினுக்குப் போற காத்த கூட்டிக் குறைக்கற பாகம்) பாருங்க, அங்க ஆக்சிலேட்டர் கேபிளும் க்ரூஸ் கேபிளும் வந்து சேரும், ஆட்டோமேட்டிக் வண்டின்னா கியர்பாக்ஸுக்குப் போற இன்னொரு கேபிளும் இருக்கலாம். ஒருத்தரை உள்ள உக்காந்து ஆக்சிலேட்டர மிதிக்கச் சொல்லுங்க, மிதியில இருந்து வந்து இழுக்கறது ஆக்சிலேட்டர் கேபிள், க்ரூஸ் மோட்டார்ல இருந்து வர்றதுதான் க்ரூஸ் கேபிள். இத மாத்தி நினைச்சுட்டு தப்பான நட்ட திருகிடாதீங்க.

அடுத்து க்ரூஸ் கேபிள முழுசா கண்ணால பாருங்க. வெளி உறை வெடிச்சிருக்கா, எங்கயாவது மடங்கியிருக்கா, முனையில உள்கம்பி பிரிஞ்சு ஊசி ஊசியா நிக்குதா? ஒரு இழை பிரிஞ்சிருந்தாக்கூட அட்ஜஸ்ட் பண்ணாதீங்க, புதுசு போட்டுடுங்க, ஏன்னா அது உறைக்குள்ள மாட்டிக்கிட்டா த்ராட்டில் திறந்தபடியே நின்னுடும். த்ராட்டில் பாடியில கேபிள் மாட்டியிருக்கற லீவர கையால திறந்து விட்டா 'டக்'னு மூடணும், சோம்பலா வந்தா முதல்ல அழுக்க சுத்தம் பண்ணுங்க.

இப்ப முக்கியமான விஷயம். க்ரூஸ் கேபிள விரலால மெதுவா இழுங்க, லீவர் அசைய ஆரம்பிக்கற வரைக்கும் எவ்வளவு தூரம் வருதுன்னு ஸ்கேல் வச்சு அளங்க. அந்தக்கால டொயோட்டாவுல லேசா லூஸ் இருக்கணும், ஆனா 10 மி.மீ.க்குள்ள. மத்த கம்பெனி வண்டின்னா அதோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கற அளவுதான்.

நான் முதல் தடவ பண்ணப்ப லூஸ்னாலே கோளாறுன்னு நினைச்சு சுத்தமா டைட் வச்சுட்டேன், ஸ்டார்ட் பண்ணா கால எடுத்த பிறகும் இஞ்சின் கத்திக்கிட்டே இருக்கு. பைக் கிளட்ச் கேபிள் கதைதான் இதுவும், லூஸே இல்லேன்னா த்ராட்டில் முழுசா மூடாது. ரொம்ப லூஸா இருந்தா செட் பண்ண உடனே வேகம் இறங்கி அப்புறமாத்தான் பிடிக்கும், மேடு ஏறும்போதும் திணறும்.

கேபிள் உறைய பிடிச்சிருக்கற பிராக்கெட்டோட ரெண்டு பக்கமும் நட் இருக்கும், பொருந்தற ஸ்பேனரால லாக் நட்ட தளர்த்துங்க. கேபிள் உறைய லீவர் பக்கம் நகர்த்தினா லூஸ் கூடும், எதிர்ப்பக்கம் இழுத்தா டைட் ஆகும். அரை சுத்து சுத்தி அளந்து பாருங்க, அவசரம் வேண்டாம். லாக் நட்ட இறுக்கின பிறகு இன்னொரு தடவ அளக்கணும், இறுக்கும்போதே அளவு நகர்ந்துடும்.

ஸ்டார்ட் பண்ணுங்க, ஐடிலிங் முன்ன இருந்த மாதிரியே இருக்கணும். அப்புறம் காலியான ரோட்டுல க்ரூஸ செட் பண்ணி பாருங்க, பிரேக்க லேசா தொட்டதும் விட்டுடணும், விடலேன்னா உடனே க்ரூஸோட மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு மெக்கானிக்கிட்ட போங்க.