புது லான் மஞ்சளாகிறதா? முதலில் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்

கோயம்புத்தூர் பக்கம் வீடுகளுக்கு லான் போட்டுக் கொடுப்பது என் தொழில். புல் விரித்த இரண்டாவது வாரம் போன் வந்துவிடும்: "அண்ணா, மஞ்சளாயிடுச்சு, யூரியா போடட்டுமா?" இப்போதைக்கு வேண்டாம் என்பேன். வேர் பிடிக்காத புல்லுக்கு யூரியா போட்டால் கருகத்தான் செய்யும். மஞ்சளான ஷீட்டின் (மண்ணோடு பாய் மாதிரி விரிக்கும் புல் துண்டு) ஓரத்தை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கிப் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

அடிமண் பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் கீழே இறங்கவில்லை என்று அர்த்தம். பைப்பை இரண்டு நிமிடம் காட்டினால் மேலே பளபளவென்று நனையும், அவ்வளவுதான். சுவர் ஓரமும் நடைபாதைக் கல் ஓரமும்தான் முதலில் காயும். ஷீட் சுருங்கி, இரண்டு ஷீட்டுக்கு நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி விடும். அதில் மணலும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, பலகை வைத்து மிதித்துவிடுங்கள். காலை வேளையில் நின்று நிதானமாக, அடிமண் ஈரமாகும்வரை தண்ணீர் விடுங்கள்.

சேறாக இருந்து சாக்கடை வாடை அடித்தால் கதை நேர் எதிர். தண்ணீரை நிறுத்துங்கள். கம்பியால் ஆங்காங்கே குத்திவிட்டால் காற்று போகும். ராத்திரியில் தண்ணீர் விடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பூஞ்சைக்கு அதுதான் விருந்து.

ஒரே ஒரு இடம் மட்டும் எவ்வளவு பார்த்தாலும் தேறவில்லையா? கடப்பாரையால் அங்கே ஒரு குத்து குத்துங்கள். 'டங்' என்று சத்தம் வந்தால் அடியில் செங்கல் துண்டும் கெட்டியான சிமெண்டும் கிடக்கிறது. கட்டட வேலைக் குப்பையை அப்படியே விட்டு மேலே ரெண்டு இஞ்ச் செம்மண் பரப்பிவிடுவது புது வீடுகளில் நடப்பதுதான். அந்த இடத்தில் ஷீட்டை எடுத்து, குப்பையை அரை அடியாவது தோண்டி அள்ளி, நல்ல மண் நிரப்பி, திரும்பப் போடுவதைத் தவிர வழியில்லை. எந்த உரமும் அங்கே வேலை செய்யாது.

மைனாக்கள் கூட்டமாக வந்து கொத்துகிறதா? பிடித்திருந்த புல்லும் இழுத்தால் பாய் மாதிரி சுருண்டு வருகிறதா? அடியில் வெள்ளையாக, அரைவட்டமாக வளைந்த வேர்ப்புழு இருக்கும். பச்சைச் சாணம் போட்ட இடத்தில் இது அதிகம். மக்கிய தொழு உரம்தான் போட வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொள்வது இதற்குத்தான். கொஞ்சமாக இருந்தால் கையால் பொறுக்கிவிடலாம். நிறைய என்றால் பக்கத்து வேளாண் அலுவலரிடம் ஒரு புழுவைக் காட்டி மருந்து கேளுங்கள்.

சரி, வெள்ளை வேர் நன்றாக இறங்கியிருக்கிறது, ஆனாலும் மஞ்சள் என்றால்? இளம் இலையைக் கிட்டப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் நடுவில் வெளிறியும் இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. கடினமான போர் தண்ணீர் உள்ள இடங்களில் சாதாரணம். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள். டைல்ஸில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகவே போகாது. மொத்த இலையும் ஒரே சீராக வெளிறியிருந்தால்தான் யூரியா. அதுவும் கொஞ்சமாகத் தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும்.

மாமரத்தடியில் மெக்சிகன் புல் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. அதற்கு வெயில் வேண்டும். நிழலில் பஃபல்லோ புல் ஓரளவு தாங்கும். அடர்ந்த நிழல் என்றால் கூழாங்கல் பரப்பிவிடுங்கள்.

அப்புறம் கோரை. பிடுங்கினால் தலை மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி முளைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தை ஆழமாக விட்டு, கிழங்கோடு நெம்பி எடுங்கள். முளைத்த வாரத்திலேயே எடுத்தால் வேலை மிச்சம்.