கண்ணாடிப் பஞ்சைத் திணிக்காதீர்கள்: வெப்பத் தடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையில் தகரக் கூரை வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். இத்தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், 100 மில்லிமீட்டர் கண்ணாடிப் பஞ்சை 50 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் முழங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். "கெட்டியா இருந்தாத்தான அண்ணாச்சி வெயில் தாங்கும்?" என்றார். அதே சொல்லை நானும் ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தேன்.

திணித்து அடைத்தல்

வெயிலைத் தாங்குவது இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. கண்ணாடி அந்தக் காற்றைவிட ஏறத்தாழ 40 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். காற்றை நகரவிடாமல் பிடித்துவைப்பதற்காகவே அதை இழையாக்கிப் பஞ்சாக விரிக்கிறார்கள். நாள்பட்ட இலவம்பஞ்சுத் தலையணை கட்டிதட்டிப் போவதைப் போல, பஞ்சைப் பாதி கனத்துக்கு அமுக்கினால் காற்று வெளியேறி, தடுக்கும் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும்.

மேலப்பாளையத்தில் நான் முதன்முதலாக எடுத்த வேலையில் மாடி முழுவதும் இப்படித்தான் அடைத்தேன். சித்திரை மாதத்து மதியம் ஒன்றில் வீட்டுக்கார அம்மா என்னை அழைத்து, "கூரைப் பலகையத் தொட்டுப் பாருங்க" என்றார். தோசைக்கல்லைப் போலச் சுட்டது. பலகைகளைப் பெயர்த்தபோது பாதி உடைந்தன, நசுங்கிய பஞ்சும் பழையபடி எழும்பவில்லை. புதுச் சரக்கும் கூலியும் என் கையைக் கடித்தன. இன்றும் "நல்லா இறுக்கி அடைச்சிருக்கோம்" என்று பெருமை பேசுபவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது, ஏனெனில் கனமான பஞ்சுக்குப் பணம் கொடுத்த வீட்டுக்காரருக்கு அதற்கேற்ற பலன் கிடைப்பதில்லை. இடைவெளி 50 என்றால் 50 மில்லிமீட்டர் பஞ்சையே வாங்குங்கள்.

வெள்ளிப் படலத்தை இருபுறமும் ஒட்டுதல்

வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் இந்த அலுமினியத் தாள் இரண்டு பக்கமும் எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால், வெப்பம் அதன் வழியே கடந்துவிடும். ஒரு பக்கமாவது ஓர் அங்குலக் காற்று வேண்டும்.

மேற்குச் சுவரில் வெறும் இடைவெளி

இரட்டைச் சுவருக்கு நடுவே அகன்ற வெறும் இடைவெளி விட்டால், சூடேறிய காற்று வெளிச்சுவரை ஒட்டி மேலேறி, உள்சுவரை ஒட்டிக் கீழிறங்கி, வெப்பத்தைச் சுமந்துகொண்டே சுற்றும். அங்கே பஞ்சோ தெர்மாகோலோ வேண்டும். தெர்மாகோல் தீப்பற்றும் என்பதால் மின்கம்பியின் அருகே அதை வைக்கக் கூடாது.

ஈரம்

தண்ணீர் அசையாத காற்றைவிடச் சுமார் 24 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னரே தகரத்தின் போல்ட்டுகளில் வெடித்த ரப்பர் வாஷர்களை மாற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஒழுகவில்லை என்று பார்த்த பிறகே பஞ்சை விரிக்க வேண்டும்.