கறள் ஏறிய பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்: இன்றைய லப்டொப்பில் இணைக்கும் முறை

திருகோணமலையில் உப்புவெளி, உவர்மலைப் பக்கம் கடற்காற்று படும் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருடம் மூலையில் கிடந்த டெஸ்க்டொப்பைத் திறந்தால், திருகாணி எல்லாம் கறள் பிடித்திருக்கும். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் அப்படியும் சுழலக்கூடும். எத்தனை தடவை சுழலும் என்பதுதான் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துவிட்டு, கரண்டைக் கடைசியாகக் கொடுங்கள்.

1. எந்த வகை என்று பாருங்கள்

பின்பக்கம் இரண்டு வரிசையில் ஊசி ஊசியாகப் பின்கள் இருந்தால் அது ஐ.டி.இ. டெஸ்க்டொப் டிஸ்க் (3.5 அங்குலம்) என்றால் 40 பின் இடம், பக்கத்தில் நான்கு தடித்த பின்களுடன் மொலெக்ஸ் பவர். லப்டொப் டிஸ்க் (2.5 அங்குலம்) என்றால் 44 பின், பவரும் அதற்குள்ளேயே வரும். பின்களே இல்லாமல், 'எல்' வடிவத் தட்டையான இரண்டு வாய்கள் இருந்தால் சாட்டா.

2. அடப்டர்

மூன்று வகைக்கும் பொருந்தும் 'ஐ.டி.இ./சாட்டா – யூ.எஸ்.பி.' அடப்டர் வாங்குங்கள். தனிப் பவர் அடப்டர் கூட வருகிறதா என்று கடையிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டருக்கு 12 வோல்ட் வேண்டும், யூ.எஸ்.பி. தருவது 5 வோல்ட் மட்டும். பவர் அடப்டரில் 12 வோல்ட், 2 அம்பியர் என்று இருந்தால் போதும். 'டிஸ்க் செத்துப்போச்சு' என்று எறியப்படுவதில் சில, பவர் போதாமல் சுழலாதவைதான்.

3. காயவிடுங்கள்

கார்த்திகை, மார்கழி மழைக்குள் வெளியே எடுத்த டிஸ்க் என்றால், சிலிக்கா ஜெல் பைகளோடு மூடியுள்ள டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். பின்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், பழைய பல் துலக்கும் பிரஷில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டு மெல்லத் துடைத்துக் காயவிடுங்கள். தண்ணீர் வேண்டாம். டிஸ்க்கின் மூடியை எக்காரணத்துக்கும் திறக்க வேண்டாம்.

4. ஜம்பர் (3.5 அங்குல ஐ.டி.இ.க்கு மட்டும்)

டேட்டா பின்களுக்கும் பவருக்கும் நடுவே ஒரு குட்டிப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். எப்படிப் போடுவது என்ற படம் டிஸ்க்கின் ஸ்டிக்கரிலேயே உண்டு. 'மாஸ்டர்' நிலையில் வையுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகளில் 'சிங்கிள்' தனி, 'மாஸ்டர்' தனி. தனியாக இணைக்கும்போது 'சிங்கிள்' வேண்டும். பெரும்பாலும் ஜம்பரைக் கழற்றிவிடுவதே அந்த நிலை.

5. இணைக்கும் ஒழுங்கு

டேட்டா பக்கம், பிறகு மொலெக்ஸ், பிறகு சுவரில் உள்ள பிளக், கடைசியாக யூ.எஸ்.பி. மொலெக்ஸின் இரண்டு மூலைகள் சரிந்திருக்கும். போகாவிட்டால் திருப்பிப் பாருங்கள், அழுத்த வேண்டாம். 44 பின்னில் ஒரு வரிசை தள்ளிச் செருகினால் டிஸ்க்கின் சர்க்கிட் எரிந்துவிடலாம். சுவரில் சுவிட்சைப் போட்டதும் பத்து விநாடி பொறுங்கள். சீரான இரைச்சல் கேட்டால் யூ.எஸ்.பி.யைச் செருகுங்கள். 'டக்... டக்...' என்று திரும்பத் திரும்ப அடித்தால் உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு முயற்சியிலும் உள்ளே சுழலும் தட்டு இன்னும் கீறுப்படலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் சரிவரும் என்று சொல்வார்கள். நம்முடைய ஈரக் காற்றில் வெளியே எடுத்ததும் டிஸ்க் வியர்த்துவிடும்.

6. விண்டோஸில்

'ஃபோர்மட் செய்ய வேண்டும்' என்றோ 'இனிஷியலைஸ்' என்றோ கேட்டால், 'கான்சல்' கொடுங்கள். டிஸ்க்கே தெரியாவிட்டால், ஸ்டார்ட் பொத்தானை ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறவுங்கள். டிஸ்க்கின் பகுதி (பார்ட்டிஷன்) அங்கே இருந்தும் அதற்கு D, E போன்ற எழுத்து இல்லை என்றால், அதை ரைட் கிளிக் செய்து ஓர் எழுத்துக் கொடுத்தால் திறக்கும். அங்கேயும் வராவிட்டால் ஜம்பரையும் பவரையும் திரும்பப் பாருங்கள்.

விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்து டிஸ்க்கில் படங்களும் கடிதங்களும் பெரும்பாலும் 'டொக்யுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும். அனுமதி இல்லை என்று சொன்னால் 'கண்டினியூ' கொடுத்துக் காத்திருங்கள்.

7. கொப்பி

முழு டிஸ்க்கையும் ஒரேயடியாக இழுக்க வேண்டாம். ஈடு செய்ய முடியாத படங்கள் முதலில், ஃபோல்டர் ஃபோல்டராக. யூ.எஸ்.பி. 2.0 வழியாக 80 ஜிகாபைட்டுக்கு முக்கால் மணித்தியாலமாவது போகும். சின்னச் சின்னக் கோப்புகள் என்றால் இன்னும் கூட. மின்வெட்டு வரக்கூடிய நேரத்தைத் தவிருங்கள்: லப்டொப்புக்குப் பற்றரி உண்டு, டிஸ்க்குக்கு இல்லை. முடிந்ததும் 'இஜெக்ட்' செய்து, இரைச்சல் அடங்கும் வரை டிஸ்க்கை அசைக்காதீர்கள்.

பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியலாம். கோப்பு பழுதில்லை, பெரும்பாலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்கும். அதே டிஸ்க்கில் 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் 'ஃபொன்ட்ஸ்' திறந்து பாமினியை எடுத்து லப்டொப்பில் நிறுவுங்கள், எழுத்து வந்துவிடும்.