தண்ணீர், எண்ணெய், ஆறாத தின்னர்: வீட்டில் கார் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பம்பர் மூலையில் உரசல், பக்கக் கண்ணாடியின் கவரில் கீறல் என்று சிறிய வேலையோடு பட்டறைக்குப் போனாலும், அந்தப் பாகம் முழுவதற்கும் பெயிண்ட் அடிக்கும் கூலியைத்தான் கேட்பார்கள். ஒரு மூலைக்கு மட்டும் அடித்தால் நிறம் திட்டாகத் தெரியும் என்பதால் அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. அந்தச் செலவை மிச்சப்படுத்த ஸ்ப்ரே கேன் வாங்கி மொட்டை மாடியில் தாமே அடித்துப் பார்ப்பவர்கள் பலர். நல்ல முயற்சிதான். கழற்றி எடுக்க முடிகிற சிறிய பாகங்களைப் பொறுத்தவரை, பொறுமை உள்ள எவரும் பட்டறைத் தரத்தை நெருங்கிவிடலாம்.

கெட்டுப்போன வேலைகளை உற்றுப் பார்த்தால், கைப்பழக்கம் இல்லாததால் கெட்டவை சொற்பம் என்று தெரியும். பெயிண்ட் ஒரு மூடி. அதன் அடியில் எதை விட்டு மூடுகிறோமோ அது மேலே வந்தே தீரும். சில சமயம் அடித்த நொடியிலேயே வரும். சில சமயம் அடுத்த சித்திரை வெயிலில் வரும். அடியில் சிக்குபவை பெரும்பாலும் மூன்று: தண்ணீர், எண்ணெய், ஆறாத தின்னர், அதாவது பெயிண்டை இளக்கக் கலந்து இன்னும் ஆவியாகிப் போகாத கரைப்பான்.

தண்ணீர்

நம் ஊர்ப் பட்டறைகளில், பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டியைத் தேய்க்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வாளித் தண்ணீர், கையில் வாட்டர் பேப்பர், நனைத்து நனைத்துத் தேய்ப்பார்கள். தூசி பறக்காது, தாள் சீக்கிரம் அடைபடாது என்பது உண்மை. ஆனால் இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து பூசும் பட்டி தண்ணீரை உறிஞ்சும் பொருள். இறுகிய பிறகும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. மேற்பரப்பு பத்து நிமிடத்தில் காய்ந்தது போலத் தோன்றும். உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அதன் மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, நிறம், கிளியர் என்ற நிறமற்ற மேல்பூச்சு என்று மூன்று அடுக்கு ஏறிவிட்டால் அந்த ஈரத்துக்குப் போக வழியில்லை. வெயில் ஏற ஏற ஆவியாகி, பெயிண்டைக் கடுகளவு கொப்புளங்களாக மேலே தள்ளும். அடியில் இருப்பது இரும்புத் தகடானால் கூடவே துருவும் பிடிக்கும். கொப்புளத்தை நகத்தால் கீறிப் பார்த்தால் பழுப்பு நிறப் பொடி உதிரும்.

எனவே பட்டியை உலர்ந்த நிலையிலேயே தேய்க்க வேண்டும். மேடு பள்ளத்தைச் சமன்செய்ய 80, பிறகு 180, முடிவில் 320 எண் தாள் போதும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பதிந்த இடமெல்லாம் பள்ளமாகும். கிளியர் அடித்த பிறகு பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த அலைகள் அத்தனையும் தெரியும். தாளை ஒரு சிறிய மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். தூசி மூக்கில் ஏறாமல் முகமூடி அணியுங்கள்.

வாட்டர் பேப்பருக்கு உரிய இடம் பிரைமருக்குப் பிறகுதான். 400 முதல் 600 எண் வரை நனைத்துத் தேய்க்கலாம். பிரைமரும் ஓரளவு ஈரம் வாங்கும் என்பதால், தேய்த்து முடித்ததும் துடைத்துவிட்டு, விளிம்புகளிலும் திருகுத் துளைகளிலும் தங்கிய நீரை உதறி, சில மணி நேரம் வெயில் காட்ட வேண்டும். பிரைமரோடு ஒரு பாகத்தை மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வெளியே போட்டுவைப்பதும் தவறு. அது துருவைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண பிரைமர் தனியாக நின்று தடுப்பதில்லை.

காற்றில் இருக்கும் ஈரமும் இதே வேலையைச் செய்யும். 1920களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரை, அதாவது தின்னர் ஆவியானதுமே காய்ந்துவிடும் பெயிண்டைக் கொண்டுவந்தது. அதுவரை வார்னிஷ் பூசிக் காய வாரக்கணக்கில் காத்திருந்த கார்த் தொழிற்சாலைகளுக்கு அது பெரிய விடுதலை. லேக்கரின் பலமே வேகமாகக் காய்வதுதான். நமது கடலோர ஊர்களில் அதுவே வினையாகிறது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து பெயிண்டுக்குள் சிக்கிவிடும். கறுப்புக் கவர் ஐந்து நிமிடத்தில் சாம்பல் பூத்தது போல வெளுப்பது இதனால்தான். அப்படி ஆனால் பதறி அதன் மேல் இன்னொரு பூச்சு அடிக்காதீர்கள். வெயில் நன்றாக ஏறும்வரை காத்திருந்து, மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மென்மையாக ஒருமுறை தூவினால், லேசான வெளுப்பு பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஆகவே நாளையும் பொழுதையும் தேர்ந்தெடுப்பது வேலையில் பாதி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழைக் காலத்தில் கேனைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஆடியில் ஈரம் குறைந்திருந்தாலும் காற்று தெருப் புழுதியை எல்லாம் கொண்டுவந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். சித்திரை, வைகாசி நண்பகலில் துகள்கள் பாகத்தைத் தொடுமுன்பே காய்ந்து, பரப்பு சொரசொரவென்று மாவு படிந்தது போலாகும். தை முதல் பங்குனி வரை, பனி விலகிய பின் காலை 9 மணி முதல் 11 மணி வரை அடித்தால் நன்றாக வரும். கைப்பேசியில் வானிலைத் தகவல் பாருங்கள். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

எண்ணெய்

பெயிண்ட் பரப்பில் விழுந்த கணமே வட்டமாக விலகி, நடுவில் பிரைமரின் சாம்பல் நிறம் தெரியும்படி ஒரு சிறு குழி விழுந்தால், அங்கே சிலிகான் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். பட்டறைகளில் இதை மீன்கண் என்பார்கள். டேஷ்போர்டுக்கும் டயருக்கும் மினுமினுப்புக் கொடுக்கும் பாலிஷ்களில் சிலிகான் உண்டு. அதே அறையில் அந்த ஸ்ப்ரேயை அடித்திருந்தாலே போதும், படலமாக வந்து படிந்துவிடும். குழி விழுந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் பெயிண்ட் அடித்து நிரப்பப் பார்ப்பது வீண். காயவிட்டு, தேய்த்து, சுத்தம் செய்து, திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடைப்பது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். கிரீஸ் போகும்; ஆனால் மண்ணெண்ணெய் தன் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். பெட்ரோலும் சுத்தமாக ஆவியாகாது, தீ அபாயம் வேறு. முதலில் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். பிறகு பெயிண்ட் கடையில் கிடைக்கும் டிகிரீசரையோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ ஒரு துணியில் எடுத்துத் துடைத்து, அது காய்வதற்குள் வேறொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இதைத் தேய்ப்பதற்கு முன்பு செய்ய வேண்டும். எண்ணெய் இருக்கும் நிலையில் உப்புத்தாள் போட்டால், கீறல்களுக்குள் எண்ணெயைத் திணித்ததாகிவிடும். பெயிண்ட் அடிக்கும் முன் மீண்டும் ஒருமுறை துடைத்த பிறகு வெறுங்கையால் தொடவே கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு அதே கையால் பம்பரைத் தூக்கினால், ஐந்து விரலும் அப்படியே பதிந்து நிற்கும்.

பிளாஸ்டிக்கும் பழைய பாகமும்

பம்பரைத் திருப்பிப் பார்த்தால் உட்புறம் சில ஆங்கில எழுத்துகள் புடைப்பாக இருக்கும். பி.பி. என்று இருந்தால் அது பாலிபுரோப்பிலீன். எந்தப் பெயிண்டும் அதை எளிதில் பற்றாது. பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பற்றுப்பூச்சை மெல்லியதாக அடித்து, கேனில் சொன்ன நேரத்துக்குள் அடுத்த பூச்சைத் தொடங்க வேண்டும். இதை விட்டுவிட்டால், வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் தண்ணீருக்கே பெயிண்ட் தோல் தோலாக உரியும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் கவர்கள் இவ்வளவு படுத்துவதில்லை.

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் வாங்கிய பழைய பாகத்தில் முன்பு யார் என்ன பெயிண்ட் அடித்தார்கள் என்று தெரியாது. மறைவான மூலையில் தின்னர் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். நிறம் துணியில் வந்தாலோ பரப்பு சுருங்கினாலோ, அந்தப் பழைய பூச்சை முழுவதும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். எனாமல் மேல் லேக்கரை அடித்துச் சுருங்கவைப்பது மிகவும் பரவலான தவறு.

ஆறாத தின்னர்

ஒரே மூச்சில் நிறம் முழுவதும் வந்துவிட வேண்டும் என்ற ஆசைதான் இங்கே கெடுக்கிறது. கெட்டியாக அடித்தால் மேலே ஆடை கட்டிவிடும், உள்ளே தின்னர் சிக்கும். அது வெளியேறும்போது குண்டூசித் துளைகள் விழும்; வெளியேறாவிட்டால் மாதக்கணக்கில் பெயிண்ட் இளகலாகவே இருக்கும். முதல் பூச்சில் பிரைமர் தெரிவதுதான் சரி. 20 முதல் 25 செ.மீ. தள்ளி நின்று, பாகத்துக்கு வெளியே விசையை அழுத்தத் தொடங்கி, வெளியே போன பிறகே விசையை விடுவிக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். பூச்சுகளுக்கிடையே 10 முதல் 15 நிமிட இடைவெளி தேவை. கேனில் குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியபின் இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். மறு பூச்சு ஒரு மணி நேரத்துக்குள் அல்லது 48 மணி நேரத்துக்குப் பிறகு என்று சில எனாமல் கேன்களில் எழுதியிருக்கும். இடையில் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கும் என்பதால்தான் அப்படி எழுதுகிறார்கள், அதை மதியுங்கள்.

நிறத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பானட்டுக்கு அடியிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் நிறக்குறி இருக்கும். மாருதியின் சில்க்கி சில்வருக்கு இசட்2எஸ் என்பதைப் போல. அந்தக் குறியைக் கொடுத்தாலும் முதலில் ஓர் அட்டையில் அடித்து, கிளியரும் பூசி, வண்டியோடு வைத்துப் பாருங்கள். மெட்டாலிக் நிறத்தை ஈரமாக அடித்தால் இருண்டும் உலர்வாக அடித்தால் வெளிறியும் காட்டும். அதைத் தேய்க்கவும் கூடாது; தேய்த்த கோடு கிளியருக்கு அடியில் நிரந்தரமாகத் தெரியும்.

கிளியரும் நுரையீரலும்

சாதாரண ஸ்ப்ரே கிளியரில் ஹார்டனர் இல்லை. பெட்ரோல் பட்டால் இளகிவிடும். பைக்கின் டேங்குக்கு அதை அடித்துவிட்டு, பங்கில் வழிந்த ஒரு சொட்டு பெட்ரோலால் மூடியைச் சுற்றிலும் சுருங்கிப்போவது பலருக்கும் நேர்வது. கார் பெட்ரோல் மூடிப் பகுதிக்கும் டேங்குக்கும் ஹார்டனரோடு வரும் 2கே கிளியர்தான் தாங்கும். கேனின் அடியில் உள்ள பித்தானை அழுத்தினால் ஹார்டனர் உள்ளே கலக்கும். அதன்பின் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்.

இங்கே நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். வாசனையை வைத்து எச்சரிக்கையாக இருந்துகொள்ளவும் முடியாது. துணி முகமூடியோ என்95 முகமூடியோ தின்னர் ஆவியையே தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் கவசம்தான் இதற்குச் சரியான பாதுகாப்பு. அது உங்களிடம் இல்லையென்றால், நிறம் வரை வீட்டில் முடித்துவிட்டு கிளியரை மட்டும் நல்ல பட்டறையில் அடித்து வாங்குங்கள். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க நுரையீரலைப் பணயம் வைக்காதீர்கள். சாதாரண கேன்களுக்கு ஆவி உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும்.

பல கேன்களில் உந்துவாயுவாக இருப்பது சமையல் எரிவாயு வகையைச் சேர்ந்தது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும். மாடிப்படி அடியிலோ சமையலறைக்கு அருகிலோ அடிக்காதீர்கள். பூஜை விளக்கும் ஊதுபத்தியும் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கேனை வெயிலில் வைக்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடானால் வெடிக்கலாம்.

சக்கரம் கழற்றி அடிப்பவர்களுக்கு

அலாய் சக்கரத்துக்கு அடிக்கும்போது, ஹப்போடு, அதாவது சக்கரத்தை மாட்டும் நடுப்பாகத்தோடு, சேர்ந்து உட்காரும் உட்புறத் தளத்தையும் நட்டு உட்காரும் குழிகளையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அங்கே பெயிண்ட் படிந்தால், ஓட்டத்தில் அது நசுங்கி நட்டின் இறுக்கம் குறைந்துவிடும். பிரேக் டிஸ்க்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது. டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்கு அடிப்பதானால் வெப்பம் தாங்கும் பெயிண்ட் மட்டுமே. பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் பெயிண்டைக் கரைத்துவிடும். கடைசிப் பூச்சு இளகலாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக இழுத்து எடுங்கள். ஒரு மாதத்துக்கு வாக்ஸ் போட வேண்டாம். சக்கரத்தை மாட்டி 50 முதல் 100 கி.மீ. ஓட்டிய பிறகு இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.