பீபாப் டியூன் ஒன்றை நோட்டேஷன் பார்த்து வாசிக்க: பேண்ட் செட்காரர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்யாண பேண்ட் செட்டிலோ சர்ச்சிலோ சாக்ஸ், டிரம்பெட் வாசிக்கிறவர்கள் பீபாப் என்ற ஜாஸ் பாணிப் பக்கம் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், அமெரிக்க சாக்ஸ் கலைஞர் சார்லி பார்க்கரின் 'நவ்ஸ் த டைம்' எடுங்கள். 1945 நவம்பரில் பதிவானது, எஃப் சுதியில் ப்ளூஸ், மொத்தமே 12 பார் (பார் என்பது நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு ஆவர்த்தம்), ஒரு சின்னச் சங்கதிதான் திரும்பத் திரும்ப வரும். 'டோனா லீ' மாதிரி ஓடுகிற டியூன்களில் இப்போதே கை வைத்தால் விரல் சுளுக்கிக்கொள்ளும்.

கிடைப்பது லீட் ஷீட்தான், அதாவது மெட்டும் அதன் தலைமேல் கார்டுகளின் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பெயரும், அவ்வளவே. வாங்கும் முன் தாளின் மூலையில் எந்த வாத்தியத்துக்கான தாள் என்று பாருங்கள், ஒரே நோட்டை எழுதினாலும் வாத்தியத்துக்கு வாத்தியம் வேறு சுரம் ஒலிக்கும். கீபோர்டுக்கு எஃப், நம் கணக்கில் நாலு கட்டை. ஆல்ட்டோ சாக்ஸுக்கு அதையே டி-யில் எழுதியிருக்க வேண்டும், டிரம்பெட்டுக்கும் டெனர் சாக்ஸுக்கும் ஜி-யில். இது தெரியாமல் நானும் நண்பரும் ஒரே தாளை இரண்டு ஜெராக்ஸ் போட்டு கிருஷ்ணகிரியில் அவர் வீட்டு மாடியில் உட்கார்ந்தோம்; கீபோர்டு எஃப்-ல் நிற்க, என் ஆல்ட்டோ ஏ ஃப்ளாட்டில் போய் நின்றது, கீழே இருந்து அவங்கம்மா "சுதியே சேரலையேப்பா" என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

சரி, தாள் சரியானது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிக்கு நாலு பார் வீதம் மூன்று வரியாகக் கையால் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ப்ளூஸின் அமைப்பே அதுதான். எஃப் செவன் கார்டில் ச, அந்தர காந்தாரம், ப, கைசிகி நிஷாதம், அதாவது ஹரிகாம்போதி சுரங்கள். இரண்டாவது வரி தொடங்கும் ஐந்தாவது பாரில் பி ஃப்ளாட் செவன் வரும்போது காந்தாரம் அரை சுரம் கீழே இறங்கி சாதாரண காந்தாரம் ஆகிவிடும். ஆல்ட்டோவில் அது எஃப் ஷார்ப்பிலிருந்து எஃப். இந்த ஒரு இறக்கம் காதில் விழுந்துவிட்டால் பாரை எண்ணாமலே எங்கே இருக்கிறோம் என்று தெரியும். மூன்றாவது வரி ஜி மைனர் செவன், சி செவன் வழியாக வீட்டுக்கு, அதாவது எஃப்-க்குத் திரும்பும்.

அப்புறம் தாளம். தாளில் எட்டாம் நோட்டுகள் (ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு) சரிசமமாகத்தான் எழுதியிருக்கும், அப்படியே வாசித்தால் ஸ்கூல் பேண்ட் மாதிரி இருக்கும். திஸ்ரத்தில் 'த-கி-ட' சொல்லிப் பாருங்கள்: முதல் நோட்டு 'தகி' வரை நீளும், இரண்டாவது 'ட'வில் விழும், அழுத்தமும் பெரும்பாலும் அந்த 'ட'வில்தான். வேகம் ஏற ஏற இது தேய்ந்து சமமாகிவிடும், ஆனால் ஆரம்பத்தில் வேகம் வேண்டாம். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 40 தட்டில் வைத்து அந்தத் தட்டை 2, 4 எண்ணிக்கையில் விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், 80 வேகம் கிடைக்கும். முதல் இரண்டு நாள் தட்டு தானாக 1-க்கு வழுக்கிப் போகும், பரவாயில்லை, நிறுத்தி மறுபடி பிடியுங்கள்.

மெட்டை இரண்டு தடவை வாசித்த பிறகு சோலோ (அவரவர் கற்பனையில் தனியாக வாசிப்பது), முடிவில் மறுபடி மெட்டு. சோலோவுக்குத் தனித்தாள் தேடாதீர்கள், அதே 12 பார் கார்டுகள்தான். முதலில் மேலே சொன்ன இரண்டு காந்தாரங்களை மட்டும் வைத்து, இடம் மாறும்போது மாற்றி மாற்றி ஊதிப் பாருங்கள்.